கண்ணுக்குள் ஒரு மறியல்

எலாதியோ லாரிக்குள் உட்கார்ந்தபடியே தலையைப் பின்னுக்குச் சாய்த்தான். இடது கண்ணின் கீழிமையை ஒரு விரலால் இழுத்துப் பிடித்து, மறு கையிலிருந்த சின்னக் குப்பியிலிருந்து மூன்று சொட்டு உப்புநீர் விட்டான். மிளகாய் அரைத்த கையால் கண்ணைக் கசக்கின மாதிரி எரிந்தது. ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு பல்லைக் கடித்துப் பத்து எண்ணினான். எரிந்தால்தான் வேலை நடக்கிறது என்று அர்த்தம்.

பொலிவியாவில், உப்புவெளி ஓரத்துக் கொல்சானியில் பிறந்தவனுக்கு உப்பைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. குட்டி ஒட்டகம் மாதிரி இருக்கும் லாமாவை அறுத்தால் கறியைத் தகடு தகடாகச் சீவி, உப்பில் புரட்டி, கயிற்றில் தொங்கவிடுவார்கள். நாலு நாளில் ரத்தம் வற்றிப் போகும், சதை சுருங்கிச் செருப்புத் தோலாகிவிடும். கண்ணில் வளர்வதும் சதைதானே? மூக்கோரத்திலிருந்து கிளம்பி, வெள்ளை விழியைக் கடந்து, சிவப்பு நூல் நூலாக ரத்தம் ஓட, கருவிழிக்குள் மூக்கை நுழைத்திருக்கிற சதை. அதற்கும் உப்புக்கண்டம் போட்டால் வற்றித்தானே ஆக வேண்டும்? இது அவனுடைய சொந்தக் கண்டுபிடிப்பு. ஒரு வருஷமாகத் தினம் மூன்று வேளை நடக்கிறது. சீட்டுக்கு அடியில் ஒரு லிட்டர் சோடா பாட்டிலில் சரக்கு எப்போதும் தயாராக இருக்கும்.

பக்கக் கண்ணாடியில் எட்டிப் பார்த்தான். நேற்றைவிடச் சிவப்பாக இருந்தது.

"இன்னும் கொஞ்சம் கெட்டியா விடணும்போல" என்று முணுமுணுத்தான்.

"விடு, விடு. அப்படியே ரெண்டு மிளகாயையும் கிள்ளிப் போடு. சாயங்காலம் வறுத்துத் தின்னலாம்."

பாசிலியா லாரிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவன் பெண்டாட்டி. உப்புப் பொட்டலங்களின் வாயைக் காஸ் சுடரில் காட்டி ஒட்டுகிற வேலை அவளுக்கு. நாளொன்றுக்கு ஆயிரத்துக்கு மேல் ஒட்டுவாள். பத்து விரல் நுனியும் காய்த்துப் போய் அடுப்புச் சட்டியை வெறுங்கையால் இறக்குவாள். நாக்கும் அப்படித்தான் காய்த்துப் போயிருந்தது.

"இறங்கு. பஸ் வர்ற நேரமாச்சு. இன்னிக்கும் ஏதாவது சாக்கு சொன்னே, மெலித்தோன் வீட்டுக்கு நானே நடந்து போய் சாவியைக் குடுத்துட்டு வந்துடுவேன்."

சாவிதான் பிரச்சினை.

உப்புவெளியில் ஆங்காங்கே ஊற்றுக்குழிகள் உண்டு. அடியில் தண்ணீர் குமிழியிட்டுக்கொண்டிருக்கும். மேலே அப்பளம் மாதிரி உப்புப் பொருக்கு மூடியிருக்கும். தரை கொஞ்சம் மங்கலாகத் தெரியும் இடத்தில் வண்டியை ஒடித்துத் திருப்ப வேண்டும். வெள்ளை வெளேரென்று கண்கூசும் வெளியில் அந்த மங்கலைக் கண்டுபிடிப்பதுதான் ஓட்டுநரின் வித்தை. பத்தொன்பது வருஷமாக எலாதியோ ஒரு குழியிலும் சக்கரம் வைத்ததில்லை. மூன்று வாரத்துக்கு முன்பு வைத்துவிட்டான். முன்சக்கரம் பொருக்கை உடைத்துக்கொண்டு இறங்கியது. ஏழு ஆள், நான்கு பலகை, அரைநாள் போயிற்று வண்டியைத் தூக்க.

லாரி கூட்டுறவுச் சங்கத்துடையது. சங்கத் தலைவர் மெலித்தோன் கத்தவில்லை. கன்னத்தில் கோக்கா இலையை ஒதுக்கிக்கொண்டு மெதுவாகச் சொன்னார்: "எலாதியோ, இருபத்தஞ்சாம் தேதிக்குள்ள கண் டாக்டர்கிட்ட சீட்டு வாங்கிட்டு வா. சீட்டு இருந்தா சாவி உன்கிட்ட. இல்லேன்னா மண்வெட்டி."

ஐம்பத்தோரு வயதில் மண்வெட்டி. நாள் முழுக்கக் குனிந்து உப்பைச் சுரண்டிக் கூம்பு கூம்பாகக் குவித்து, பிறகு அதையே லாரியில் வாரிப்போடுகிற வேலை. முதுகு மூன்று மாதம் தாங்கும். அதற்கு மேல் என்ன ஆகும் என்று பார்க்க அவன் தூரம் போக வேண்டியதில்லை. பாசிலியாவின் அண்ணன் செனோன் இருக்கிறான். அவனும் ஒரு காலத்தில் இதே லாரியை ஓட்டியவன். அவனுக்கும் கண்ணில் சதை. ஆறு வருஷத்துக்கு முன்னால் எங்கோ ஒரு முகாமில் போய் வெட்டிக்கொண்டு வந்தான். எட்டே மாதத்தில் திரும்ப வளர்ந்தது, முன்னைவிடத் தடியாக. இப்போது அந்தக் கண்ணில் பாதித் திரை. கையில் மண்வெட்டி.

இருபத்தஞ்சாம் தேதி நாளைக்கு. இன்று வியாழக்கிழமை, பக்கத்து டவுன் உயூனியில் சந்தை நாள், ஆஸ்பத்திரியில் கண் டாக்டர் வருகிற நாள்.

பஸ் நிறுத்தத்தில் செனோன் மண்வெட்டியில் சாய்ந்து நின்றிருந்தான்.

"மாப்ளே, ஒண்ணே ஒண்ணு சொல்றேன், கேட்டுக்கோ. கத்தி வைக்க மட்டும் விடாதே. அந்தச் சதை சும்மா கிடக்கிற நாய். கல்லை விட்டு எறிஞ்சா கடிக்கும்."

"வைக்கலேன்னா சீட்டு தர மாட்டாங்களே மச்சான்?"

"தரலேன்னா என் பக்கத்துல வந்து நில்லு. ஒரு மண்வெட்டிக்கு ரெண்டு கண்ணு எதுக்கு? நமக்கு ஆளுக்கொண்ணு, மொத்தம் ரெண்டு இருக்கே!"

செனோன் சிரித்தான். எலாதியோவுக்குச் சிரிப்பு வரவில்லை. பஸ்ஸில் இருபது நிமிஷமும் வலது கண்ணைப் பொத்தி இடது கண்ணால் சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே வந்தான். ரயில் பாதைக் கம்பங்கள் தண்ணீருக்குள் நிற்கிற மாதிரி நெளிந்தன.

பாசிலியா அதைப் பார்த்தும் பார்க்காதவள் போல வந்தாள். மடியில் ஒரு துணிப்பை. அதன் சுருக்குக் கயிற்றைச் சுண்டுவிரலில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தாள். பேசவில்லை. அவள் பேசாமல் இருந்தது அவனுக்குத் திட்டைவிடப் பயமாக இருந்தது.

டாக்டர் பெயர் நோர்மா. நாற்பது வயதிருக்கும். பொத்தோசி நகரத்துக்காரி, பேச்சிலேயே தெரிந்தது. முதலில் சுவரில் எழுத்து வாசிக்கச் சொன்னாள். இடது கண்ணால் மேல் நான்கு வரியோடு நின்றுவிட்டான். பிறகு ஒரு கருவிக்கு முன்னால் உட்கார வைத்து, தாடையை ஒரு தட்டிலும் நெற்றியை ஒரு பட்டையிலும் முட்டக் கொடுக்கச் சொன்னாள். கத்தி மாதிரி ஒல்லியாக ஒரு வெளிச்சம் கண்ணுக்குள் புகுந்தது.

வெகுநேரம் பார்த்தாள்.

"கண்ணுல என்ன விடறீங்க?"

"ஒண்ணும் இல்லையே டாக்டரம்மா. காலையில பச்சைத் தண்ணியில மூஞ்சி கழுவுறதோட சரி."

"டக்"கென்று ஒரு சத்தம். பாசிலியா துணிப்பையிலிருந்து அந்தச் சின்னக் குப்பியை எடுத்து மேஜைமேல் வைத்திருந்தாள். லாரியிலிருந்து எப்போது எடுத்தாள் என்றே அவனுக்குத் தெரியாது.

டாக்டர் குப்பியைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தாள். மூடியைச் சுற்றி உப்பு பூத்துப் படிகம் படிகமாக நின்றது.

"என்ன இது?"

"உப்புத்தண்ணி. ஊத்துக்குழியில மொண்டது" என்றாள் பாசிலியா. "ஒரு வருஷமா கண்ணுக்கு உப்புக்கண்டம் போட்டுக்கிட்டு இருக்காரு."

டாக்டர் அவனைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்தான். வேறு வழியில்லாமல் லாமாக் கறி, கயிறு, நாலு நாள் எல்லாவற்றையும் சொல்லி முடித்தான். சொல்லச் சொல்ல அவனுக்கே அது முட்டாள்தனமாகக் கேட்டது. லாரிக்குள் தனியாக இருக்கும்போது எவ்வளவு நியாயமாகப் பட்டது!

"எப்போ சமைக்கிறதா உத்தேசம்?" என்றாள் டாக்டர்.

பாசிலியா வாயைப் பொத்திக்கொண்டாள்.

டாக்டர் அவன் கண்ணை நல்ல தண்ணீரால் கழுவினாள். கழுவி முடிப்பதற்குள் பாசிலியா குழியில் சக்கரம் இறங்கின கதையையும் சொல்லிவிட்டாள். ஏதோ மருந்து விட்டாள். வெளியே பெஞ்சில் அரைமணி நேரம் கண்ணை மூடிக்கொண்டு உட்காரச் சொன்னாள். உட்கார்ந்தார்கள். அந்த அரைமணியில் எலாதியோ மனதுக்குள் மண்வெட்டிக்குக் காம்பு போட்டுவிட்டான். எந்த மரம், எவ்வளவு நீளம் என்பதுவரை முடிவாகிவிட்டது.

திரும்பக் கூப்பிட்டு எழுத்து வாசிக்கச் சொன்னாள். ஐந்தாவது வரி வந்தது. ஆறாவது வந்தது. ஏழாவதில் ஒரு எழுத்து தவறியது, மற்றது எல்லாம் வந்தது. கருவியில் மறுபடி தாடையை வைத்தான்.

"நாலஞ்சு வருஷத்துக்குள்ள யாராவது டாக்டர் இந்தக் கண்ணைப் பார்த்திருக்காங்களா? சீட்டு ஏதாவது இருக்கா?"

லைசென்ஸ் புதுப்பித்தபோது கொடுத்த தாள் ஒன்று இருந்தது. நாலு வருஷமாகத் தொப்பியின் உள்பட்டைக்குள் மடித்துச் செருகி வைத்திருந்தான், லைசென்ஸோடு. அதில் கண்ணைப் பற்றி ஏதோ எழுதியிருந்தது என்பதாலேயே ஒருநாளும் பிரித்துப் படித்ததில்லை. வியர்வையில் ஊறி நாலாக விண்டுபோயிருந்த தாளை டாக்டர் மேஜையில் சேர்த்து வைத்துப் படித்தாள்.

"இடது கண். கருவிழிக்குள்ள ரெண்டு மில்லிமீட்டர்." நிமிர்ந்தாள். "இன்னிக்கு நான் அளந்ததும் ரெண்டு மில்லிமீட்டர்தான் அண்ணே. சதை நகரவே இல்லை."

எலாதியோவுக்குப் புரியவில்லை. "அது எப்படிங்க? தினம் பார்க்கிறேனே. சிவப்பு ஏறிக்கிட்டே போகுதே?"

"சிவப்பு ஏறுறது வேற, சதை ஏறுறது வேற. நீங்க தினம் மூணு வேளை அதைப் புண்ணாக்கறீங்க. புண்ணுல இருக்கிற ரத்தக்குழாய் வீங்கிச் சிவக்குது. சிவக்கிறதைப் பார்த்துட்டு இன்னும் கெட்டியா உப்பு விடறீங்க. அந்தக் குழியில சக்கரம் இறங்கிச்சுன்னு உங்க வீட்டம்மா சொன்னாங்களே, அதுக்கு முன்னாடி கண்ணுல சொட்டு விட்டீங்களா?"

யோசித்தான். விட்டிருந்தான். கண்ணீர் தாரை தாரையாக ஊற்ற, கையால் துடைத்துக்கொண்டே ஓட்டினான்.

"சதை உங்களைக் குழியில இறக்கலை. உப்புதான் இறக்கிச்சு."

பாசிலியா நாற்காலியில் திரும்பி உட்கார்ந்த தினுசிலேயே ஒரு மாதத்துக்கான பேச்சு இருந்தது.

"அப்ப, இது இனிமே வளராதா?"

டாக்டர் கருவியை ஓரமாகத் தள்ளினாள். "லாரி ஓட்டுறவர்தானே? மறியல்ல மாட்டியிருக்கீங்களா?"

"மறியல்ல மாட்டாத டிரைவர் பொலிவியாவுல இன்னும் பொறக்கலை டாக்டரம்மா. போன ஆகஸ்ட்ல பதினோரு நாள். எட்டு டன் உப்போட. மறிச்சவங்களே அவிச்ச உருளைக்கிழங்கு குடுத்துக் காப்பாத்தினாங்க."

"அப்ப உங்களுக்குச் சுலபமாப் புரியும். உடம்புல எங்க அடிபட்டாலும் அந்த இடம் ஆள் அனுப்பும், 'ரத்தக்குழாய் வேணும், சீக்கிரம் வா'ன்னு. குழாய் முளைச்சு வரும். புண் ஆறினதும் உடம்பே 'போதும், நில்லு'ன்னு நிறுத்திடும். நிறுத்தலேன்னா ஒவ்வொரு சிராய்ப்புலயும் நமக்குக் கொடி படர்ந்த மாதிரி ரத்தக்குழாய் படர்ந்துடும். ஆனா கருவிழி மேல இந்தக் கண்ணாடித் தோல் இருக்கே, இது இன்னும் ஒரு படி மேல. இதுக்குள்ள ஒரு ரத்தக்குழாய்கூடக் கிடையாது, வந்தா வெளிச்சம் போகாது. அதனால குழாயைக் கூப்பிடப் போற ஆளையே வழியில மடக்கிப் பிடிச்சு வச்சுக்கிற சரக்கு இந்தத் தோல்லயே ஊறிக்கிட்டு இருக்கு. ராப்பகலா மறியல். உங்களுக்கு ஓரத்துல வேலி கொஞ்சம் உடைஞ்சிருக்கு. உப்புவெளி வெயில் உடைச்சது. அந்த உடைப்பு வழியா ரெண்டு மில்லிமீட்டர் உள்ள வந்துருச்சு. அதுக்கு மேல வர விடலை."

"நான் உப்பு விட்டபோதுகூடவா?"

"நீங்க தினம் மூணு தடவை அந்த மறியல்காரங்க மேல லாரியை ஏத்தினீங்க. அவங்க எழுந்திருக்கலை."

எலாதியோ வாழ்நாளில் மறியல்காரர்களைத் திட்டாத திட்டு கிடையாது. ரோட்டில் உருட்டிவிட்ட கல், எரிகிற டயர், குறுக்கே உட்கார்ந்திருக்கும் பாட்டாளிகள், அத்தனை பேருடைய அம்மாவையும் அவன் விட்டுவைத்ததில்லை. அதே மாதிரி ஒரு கூட்டம் அவன் கண்ணுக்குள் நாலு வருஷமாகக் குந்தியிருக்கிறது. கூலி கேட்கவில்லை, கோஷம் போடவில்லை.

"இன்னொண்ணு" என்றாள் டாக்டர். "சதையோட நுனிக்கு முன்னால மெல்லிசா பழுப்பா ஒரு கோடு தெரியுது. இரும்பு. கண்ணீர்ல இருந்து கொஞ்சம் கொஞ்சமா வந்து படியறது. கிட்டத்தட்ட துருன்னு வச்சுக்கோங்க. சதை வேகமா நகர்ந்துக்கிட்டே இருந்தா இந்தக் கோடு இவ்வளவு தெளிவா விழாது. ரொம்ப நாளா ஒரே இடத்துல நிக்குதுங்கிறதுக்கு அது ஒரு அடையாளம்."

இது மட்டும் எலாதியோவுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. ஒரு வாரம் லாரியை நிறுத்திவைத்தால் பிரேக் டிரம்மில் துரு பூத்துவிடும். நாலு நடை ஓட்டினால் தேய்ந்து பளபளவென்று ஆகிவிடும். நின்றதில்தான் துரு ஏறும். ஓடுவதில் ஏறாது. எத்தனையோ முறை துருவைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டவன், முதல்முறையாகத் துரு என்ற சொல்லைக் கேட்டு அப்பாடா என்று மூச்சுவிட்டான்.

"நின்னுடுச்சு பாசிலியா" என்றான். "துரு புடிச்சு நின்னுடுச்சு."

"கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன். எனக்குக் காதுல சதை வளரலை."

டாக்டர் சீட்டு எழுதினாள். ஓட்டலாம். பகலில் கறுப்புக் கண்ணாடி போடாமல் ஓட்டக்கூடாது. வறட்சிக்கு விட ஒரு சொட்டு மருந்து. ஆறு மாதத்துக்கு ஒரு தடவை வந்து அளந்துகொள்ள வேண்டும். "நிரந்தரமா நின்னுடுச்சுன்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன். நகர ஆரம்பிச்சா அப்ப கத்தி எடுக்கலாம். இப்ப தேவையில்லை."

எழுந்தவன் மறுபடி உட்கார்ந்தான். "என் மச்சானுக்கு வெட்டினது திரும்ப வந்துடுச்சே டாக்டரம்மா?"

"வெட்டின இடத்தை வெறுமனே விட்டிருப்பாங்க. வேலி இல்லாத நிலம், திரும்ப வரத்தான் செய்யும். இப்ப அதே கண்ணுல மேல் இமைக்கு அடியில இருந்து மெல்லிசா தோல் எடுத்து அங்க ஒட்டறோம். வேலி மறுபடி நிக்க வழி உண்டு. எல்லாருக்கும் நிக்கும்னு சொல்ல மாட்டேன், நிறையப் பேருக்கு நிக்குது. கூட்டிட்டு வாங்க, பார்க்கிறேன்."

குப்பியை அவள் திருப்பித் தரவில்லை. மேஜை இழுப்பறையில் போட்டுக்கொண்டாள். "மாணவங்களுக்குக் காட்டணும்."

சந்தையில் கறுப்புக் கண்ணாடி வாங்கினார்கள். எலாதியோ முதலில் எடுத்ததைப் பாசிலியா பிடுங்கி வைத்துவிட்டு, பக்கவாட்டிலும் மறைக்கிற பெரிய கண்ணாடியாகப் பார்த்து மாட்டிவிட்டாள். "ஈ மாதிரி இருக்கே. பரவாயில்லை, ஈக்கு கண்ணு நல்லாத் தெரியும்."

பிறகு சாப்பிட உட்கார்ந்தார்கள். தட்டில் அவித்த மக்காச்சோளம், பாலாடைக்கட்டி, முட்டை, மேலே மலையாக வறுத்த உப்புக்கண்டம். எலாதியோ ஒரு துண்டை விரலால் தூக்கிப் பிடித்து, கறுப்புக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, அதைப் பார்த்தான். காய்ந்து, சுருண்டு, நார் நாராக. அடிவயிற்றிலிருந்து ஒரு சிரிப்பு கிளம்பியது. அடக்க முடியவில்லை. சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. பக்கத்துப் பெஞ்சுக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பாசிலியா அவன் முதுகில் தட்டினாள், தேவைக்கு மேல் பலமாக.

"சிரி, சிரி. ஒரு வருஷம். ராத்திரி நீ தூங்கினப்புறம் நான் கண்ணைத் துணியால கட்டிக்கிட்டு வீட்டுக்குள்ள நடந்து பார்ப்பேன், நாளைக்கு உனக்கு எப்படி இருக்கும்னு. அடுப்புல ரெண்டு தடவை இடிச்சுக்கிட்டேன். சிரி."

அவன் சிரிப்பு நின்றது. தன் தட்டிலிருந்த முட்டையை எடுத்து அவள் தட்டில் வைத்தான். அவள் மறுக்கவில்லை, தின்றாள்.

திரும்பி வரும் பஸ்ஸில் ஏறின ஐந்தாவது நிமிஷம் அவள் தூங்கிவிட்டாள். தோளில் தலை, வாய் பிளந்து, குறட்டை வேறு. துணிப்பைக் கயிறு விரலிலிருந்து அவிழ்ந்து தொங்கியது. எலாதியோ அசையாமல் வந்தான். இடது கண்ணால் மட்டும் பார்த்தான். ரயில் கம்பங்கள் நேராக நின்றன.

மறுநாள் காலை மெலித்தோன் சீட்டை இரண்டு தடவை படித்தார், மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். "சாவி உன்கிட்டயே இருக்கட்டும்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். போகும்போது திரும்பி, "உப்பு நம்ம சங்கத்துச் சரக்குப்பா. இப்படி வீணாக்காதே" என்றார். விஷயம் அதற்குள் ஊர் முழுக்கப் பரவியிருந்தது. பரப்பியது யார் என்று கேட்க வேண்டியதில்லை.

லாரி உப்புவெளிக்குள் இறங்கியது. செனோன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். டாக்டர் சொன்ன ஒட்டுத்தோல் விஷயத்தை எலாதியோ அவனிடம் சொல்லிவிட்டிருந்தான். செனோன் மண்வெட்டிக் காம்பைத் தடவிக்கொண்டே வந்தான். வெகுதூரம் போனபிறகு, "அந்த டாக்டரம்மா அடுத்த வியாழனும் வருவாங்களா?" என்றான்.

"எல்லா வியாழனும்."

"சும்மாதான் கேட்டேன்."

தரை ஒரு இடத்தில் லேசாக மங்கியது. எலாதியோ முப்பது அடிக்கு முன்பே பார்த்துவிட்டான். கறுப்புக் கண்ணாடியில் குழி இன்னும் துலக்கமாகத் தெரிந்தது. நிதானமாக ஒடித்துத் திருப்பினான்.

சொட்டு விடுகிற நேரம். பழக்கதோஷத்தில் கை சீட்டுக்கு அடியில் போயிற்று. லிட்டர் பாட்டில் இல்லை. அந்த இடத்தில் துணி மூட்டை ஒன்று இளஞ்சூடாகக் கைக்கு அகப்பட்டது. அவித்த உருளைக்கிழங்கு. செனோன் ஒன்றை எடுத்துத் தோலோடு கடித்தான். முகம் அஷ்டகோணலாயிற்று. சன்னல் வழியே துப்பினான்.

"த்தூ! மாப்ளே, எதுல அவிச்சா இதை? வாயெல்லாம் உப்பு, உப்புக்கு மேல கசப்பு!"

எலாதியோவுக்குத் தெரிந்துவிட்டது, அந்த லிட்டர் பாட்டிலைப் பாசிலியா எந்தச் சட்டியில் கவிழ்த்தாள் என்று. அவனும் ஒன்றை எடுத்து வாயில் போட்டான். நாக்கு சுருண்டது. கண்ணில் நீர் கட்டியது, இரண்டு கண்ணிலும். மென்று முழுங்கினான். இன்னொன்றும் எடுத்தான்.

"உனக்கென்ன பைத்தியமா?" என்றான் செனோன்.

"தீர்த்துட்டு வரலேன்னா சாயங்காலம் கணக்குக் கேப்பா மச்சான். நீயும் ரெண்டு தின்னு."